கார் ஷெட்டில் இருநூறு கல்யாணம்

மயிலாப்பூர்,
12-9-1999, ஞாயிற்றுக்கிழமை.

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் ஸ்ரீவத்சன் அவர்களுக்கு மைத்துனன் கோதண்டபாணி நமஸ்கரித்து எழுதிக்கொண்டது.

இங்கே என் ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர எல்லோரும் சௌக்கியம். புனேயில் நீங்களும் அபயா அக்காவும் அந்த ஒன்றும் இல்லாமல் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். நாளை பிள்ளையார் சதுர்த்தி. களிமண் பிள்ளையார் வாங்கி வந்தாயிற்று, குடை இன்னும் வாங்கவில்லை.

உங்கள் கார்டு கிடைத்தது. "புரட்டாசியில் காரோடு கோபாலபுரம் வந்துவிடுகிறோம். ஷெட் எப்போது காலியாகும்?" என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். நானும் ஒரே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வானிலை இலாகாவில் ஆயுசைக் கழித்தவனுக்கு எதையும் ஒரே வரியில் சொல்லிப் பழக்கம் இல்லை. "ஷெட் ஓரளவு காலியாகக்கூடும், சில பகுதிகளில் காலியாகாமலும் இருக்கலாம்" என்றுதான் கை தானாக எழுதுகிறது. தவிர, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமல் நீங்கள் திடீரென்று கதவைத் திறந்தால் உங்கள் இதயத்துக்கு ஆகாது. ஆகையால் ஆதியிலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

என் பெண் மாளவிகா பேங்க் வேலையை விட்டதும், அடையாறில் இருக்கும் தன் சிநேகிதி அன்புச்செல்வியோடு சேர்ந்து அமெரிக்காவில் இருக்கும் நம் ஜனங்களுக்கு இன்டர்நெட்டில் கொலு பொம்மை விற்கப்போகிறேன் என்றதும், நீங்கள் பெரிய மனசு பண்ணி உங்கள் கார் ஷெட்டை ஆபீஸாகவும் கிடங்காகவும் வைத்துக்கொள்ளச் சொன்னதும் உங்களுக்கே தெரியும். தெரியாதது, இந்த வியாபாரத்தின் சூட்சுமம். பொம்மை செய்ய இரண்டு மாதம் வேண்டும். ஆர்டரோ ஆடி, ஆவணியில்தான் வரும், அதுவும் வந்தால். எனவே எந்த பொம்மையை யார் கேட்பார்கள் என்று அவர்கள் கேட்பதற்கு இரண்டு மாதம் முன்பே நாம் தெரிந்துகொண்டாக வேண்டும். போன வருஷம் இரண்டு பெண்களும் தசாவதாரம் போகும் என்று நினைத்து அதை அடுக்கினார்கள், ஜனங்கள் அறுபடை வீடு கேட்டார்கள். இந்த வருஷமும் அப்படி ஆனால் கடையை மூடிவிட்டுக் கிண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்துவிடுவதாக மாளவிகா தன் அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பெனியின் வேலை உத்தரவு அவள் கைப்பையிலேயே இருக்கிறது. செப்டம்பர் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். என் சம்சாரத்துக்குக் கிண்டி பிடிக்கும். எனக்கும் பிடிக்கும் என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஷெட்டில், கொசுவர்த்திப் புகைக்கு நடுவில், காலைக் கம்ப்யூட்டர் பெட்டி மேல் வைத்துக்கொண்டு குழந்தை சிரிக்கிற சிரிப்பை பேங்க்கில் இருந்த நாலு வருஷத்தில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

நிற்க. சித்திரையில் ஒரு நாள் மாளவிகா ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த வட்டைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு சாஃப்ட்வேர். நம் கடைப் பக்கத்துக்கு யார் வந்தார்கள், எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார்கள், எந்த பொம்மையைப் பார்த்தார்கள், அதன் முன்னால் எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்து வண்ண வண்ணமாகக் கோடு போட்டுக் கொடுக்கும். ஒரு நாள் கூட்டம் தேர் மாதிரி வருகிறது, மறுநாள் ஈ காக்காய் இல்லை. ஏன் வந்தார்கள், ஏன் போனார்கள் என்று ஒன்றும் புரியாமல் இரண்டு பெண்களும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயம். அந்தக் கோடுகளை என் முன்னால் விரித்து, "அப்பா, இத்தனை வருஷமா நீ பண்ணிண்டிருந்தது இதுதானே? எது எப்போ வரும்னு சொல்றது?" என்று மாளவிகா கேட்டாள். ரிடையராகி இரண்டு வருஷமாக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை, அத்திம்பேர். பால் பாக்கெட் வந்ததா என்றுகூடக் கேட்பதில்லை. நான் உடனே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துக் கோபாலபுரம் போய், அமெரிக்க வரைபடத்தை உங்கள் ஷெட் சுவரில் ஒட்டி, வருகையாளர் அதிகமான இடத்தையும் குறைந்த இடத்தையும் கோடு போட்டு இணைத்து, நாளைய நிலவரம் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஆரம்பத்தில் சில சறுக்கல்கள் நேர்ந்தன, மறைக்கவில்லை. புதன்கிழமைகளில் கூட்டம் பெருகுகிறது என்று கண்டுபிடித்து ஒரு புதன்கிழமைக்குப் பெரிய ஏற்பாடுகள் செய்யவைத்தேன். பிறகு பார்த்தால் புதன்கிழமைதோறும் அன்புச்செல்வி அடையாறில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் சரியாகத் திறக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்து, டெக்ஸாஸிலிருந்து ஒருவர் ஒரே ராத்திரியில் நம் கடையில் உள்ள அத்தனை பொம்மையையும், ஒன்றுவிடாமல், எங்கள் முகவரி போட்டிருக்கும் பக்கம் உட்படப் பார்த்துவிட்டுப் போனார். டெக்ஸாஸில் தாழ்வுநிலை உருவாகி வடகிழக்காக நகர்கிறது என்று நான் அறிவித்தேன். முகப்பில் டெக்ஸாஸ் வாழ் அன்பர்களுக்கு என்று ஒரு நல்வரவும் போட்டார்கள். அது மனிதரே இல்லை, இன்டர்நெட்டில் தகவல் தேடிக் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் கடை கடையாக அனுப்புகிற ஒரு யந்திரம், எல்லாவற்றையும் பார்க்கும், ஒன்றும் வாங்காது என்று பிற்பாடு தெரிந்தது. பாண்டி பஜாரில் மனிதர்களே அப்படித்தானே செய்கிறார்கள், நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

இதெல்லாம் கற்றுக்கொள்கிற கட்டம் என்று விட்டுவிடலாம். விஷயம் வைகாசியில்தான் முற்றியது. எல்லா பொம்மைகளின் முன்னாலும் ஜனங்கள் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பொம்மையின் முன்னால் மட்டும் ஒன்பது நிமிஷம், பத்து நிமிஷம் என்று மலைத்து நின்றுவிடுகிறார்கள். அது கல்யாண செட். பெண், மாப்பிள்ளை, வாத்தியார், நாதஸ்வரம், தவில், சமையல்காரர்கள், சம்பந்திகள், பந்தல், வாழைமரம் எல்லாம் சேர்ந்தது. நியூ ஜெர்ஸியிலும் ஒன்பது நிமிஷம், கலிபோர்னியாவிலும் ஒன்பது நிமிஷம். என் உத்தியோக காலம் முழுவதும் இப்படி ஒரு சீரான அளவு எனக்குக் கிடைத்ததில்லை. தேசாந்தரம் போனவர்கள் ஒரு கல்யாணப் பந்தலைக் கண்டதும் ஊர் நினைவு வந்து கண்கலங்கி நிற்கிறார்கள் என்று நான் விளக்கம் சொன்னேன். மாளவிகா மட்டும் கொஞ்சம் தயங்கினாள். நான் கோட்டின் மேல் விரலை வைத்து, "இது மாதிரி ஒரு கோடு கிடைச்சா, டிபார்ட்மென்ட்ல நாங்க கப்பலையே நிறுத்தி வெப்போம்" என்றேன். அவள் நோட்டை எடுத்து, எத்தனை செட் என்று கேட்டாள்.

பொம்மை தருவித்துக் கொடுக்கிறவர் தணிகாசலம் என்று கொசப்பேட்டைக்காரர். காகிதக் கூழில் செய்வதால் கனம் இருக்காது, விமானத்தில் அனுப்ப வசதி. அவர் அந்தச் சமயம் கிரிக்கெட் செட்டின் மேல் பித்தாக இருந்தார். உலகக் கோப்பை ஆரம்பித்துவிட்டது, பதினோரு பேரும் அம்பயரும் தயார் என்று என்னை அரித்தெடுத்தார். நான் இருநூறு கல்யாண செட் என்றதும் அவர் பீடியைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பவும் காதிலேயே வைத்துக்கொண்டு, "இன்னா சார், எல்லாரும் கல்யாணத்தையே வாங்கிக்கினு போனா சாமி பொம்மைய யாரு வாங்கறது?" என்றார். நான் அவருக்கும் அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் அதை மரியாதையாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார். ஆனியில் நம் அணி தோற்றுத் திரும்பியபிறகு அவர் கிரிக்கெட் செட்டைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அந்த வகையில் நாங்கள் இருவரும் இப்போது சிநேகிதர்கள்.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள் டெம்போ டெம்போவாக வந்து இறங்கியது. உங்கள் ஷெட்டில் இப்போது கார் நிறுத்தும் இடத்தில் இருநூறு மணப்பெண்களும் இருநூறு மாப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேல் பலகையில், நீங்கள் பழைய டயர் வைத்திருந்த இடத்தில், நாதஸ்வரக்காரர்கள். டயரை மாடிப்படிக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறேன். வாழைமரங்கள் ஜன்னல் ஓரம். வாத்தியார்களுக்கு மட்டும் சரியான இடம் அமையவில்லை, மேஜைக்கு அடியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் இத்தனை முகூர்த்தம் நடக்கும் மண்டபம் தியாகராய நகரில்கூடக் கிடையாது. நான் தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். அவ்வளவு விசேஷமாக இருந்தது.

ஆனால் ஆர்டர் வரவில்லை. ஆடி போயிற்று, ஆவணியும் பாதி போயிற்று. ஒன்பது நிமிஷம் மட்டும் குறையவே இல்லை, நின்று நின்று பார்த்துவிட்டு எல்லோரும் கை வீசிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணம் என்றால் யோசித்துத்தான் செய்வார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நியூ ஜெர்ஸியிலிருந்து உங்கள் பிள்ளை கிரீஷ் போன் செய்தான். தான் ஒரு கல்யாண செட் வாங்கலாம் என்று பார்த்ததாகவும், இணைப்பு மெதுவாக இருப்பதால் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது என்றும் ஆரம்பித்தான். "மாமா, நான் குளிச்சுட்டு வந்தேன், பந்தல்தான் வந்திருந்தது. டிபன் சாப்ட்டுட்டு வந்தேன், மாப்பிள்ளை இடுப்பு வரைக்கும் வந்திருந்தார். அதுக்குமேல எனக்கு ஆபீஸ் இருக்கு" என்றான்.

அத்திம்பேர், அந்தப் படத்தை எடுக்கச் சொன்னதும் நான்தான். பெண்ணின் நெற்றிச்சுட்டியில் உள்ள முத்துகூடத் தனித்தனியாகத் தெரியவேண்டும் என்று நின்று சொல்லி, எவ்வளவு பெரிதாக எடுக்கலாமோ அவ்வளவு பெரிதாக எடுக்கவைத்தேன். ஜனங்கள் கண்கலங்கி நின்றதாக நான் நினைத்த ஒன்பது நிமிஷமும் அவர்கள் கடையில் இல்லவே இல்லை. சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே மாளவிகா படத்தைச் சின்னதாக்கினாள். மறுநாள் கோடு செங்குத்தாக இறங்கியது. இருபது விநாடி. பாரமானி அப்படி இறங்கினால் மீனவர்களைக் கரைக்குத் திரும்பச் சொல்லி எச்சரிக்கைக் கொடி ஏற்றுவோம். மாளவிகா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவாயில்லப்பா, நானும்தானே பார்த்தேன்" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் எங்கள் வீட்டுச் சண்டை. அதையும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? கடைப் பக்கத்தில் வேண்டியதைத் தேட ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் யார் எதைத் தட்டித் தேடினாலும் அந்த சாஃப்ட்வேர் குறித்துக்கொள்ளும். அதில் ஆரம்பத்திலிருந்தே நிறைய உளறல் வந்துகொண்டிருந்தது. 'தவில்காரர் மட்டும்' என்று ஒருவர். 'நாதஸ்வரக்காரர், இடது பக்கம் உட்காருபவர்' என்று ஒருவர். 'கல்யாண சமையல்காரர், கரண்டியோடு' என்று ஒரு அம்மாள் மூன்று தடவை. எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. மழைமானி மேல் காக்காய் உட்கார்ந்துவிட்டுப் போனால் அன்றைய அளவைச் சேர்க்கமாட்டோம், அடித்துவிடுவோம். கணக்கு சுத்தமாக இருக்கும். அதே மாதிரி இந்தத் தனித்தனி ஆசாமிகளையெல்லாம் காக்காய் என்று நான் முடிவு செய்து, அவற்றைக் காட்டவே வேண்டாம் என்று சாஃப்ட்வேரில் சொல்லிவைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை அன்புச்செல்வி எதையோ தட்டப்போக, மறைத்துவைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பார்த்தால் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் காக்காய்தான்.

இட்லிப் பாத்திரத்தோடு ஷெட்டுக்கு வந்திருந்த என் சம்சாரம் இதைக் கேட்டுவிட்டு, ஆச்சரியமே படாமல், இதில் என்ன அதிசயம், நம் வீட்டுக் கல்யாண செட்டிலேயே தவில்காரர் இல்லையே என்றாள். மாளவிகா தவழ்கிற வயசில் அவரைக் கீழே போட்டு உடைத்துவிட்டாளாம். மூளியான பொம்மையைப் படியில் வைக்கக்கூடாது என்பதால் அன்றிலிருந்து நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் மகாத்மா காந்தி உட்கார்ந்திருக்கிறாராம். வருஷா வருஷம் அந்தக் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன், நான் கவனித்ததில்லை. எந்த வீட்டில்தான் முழு செட் இருக்கிறது என்று கேட்டாள். அன்புச்செல்வி சட்டென்று எழுந்து, "அங்கிள், அப்போ செட்டைப் பிரிச்சு ஒண்ணொண்ணா வித்துடலாம். இவ்ளோ பேர் கேட்டுக்கினே கீறாங்க, நாமதான் காதுல வாங்கல" என்றாள்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இதில் நான் செய்தது சரிதானா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து ஒருத்தியை ஹூஸ்டனுக்கும் ஒருத்தனை பாஸ்டனுக்கும் அனுப்புவதா? ஒரு கல்யாணத்தைக் கலைத்து இன்னொரு கல்யாணத்தை நடத்துவது நம் குடும்பத்தில் நடக்காத காரியம். பொம்மைதானே என்கிறார்கள். பொம்மை என்றால் பின் எதற்கு அதற்கு ஒன்பது நாள் ஹாரத்தி எடுக்கிறோம்? அன்புச்செல்வி வாதாடினாள், என் சம்சாரம் வாதாடினாள். மாளவிகா மட்டும் வாதாடவில்லை. "சரிப்பா, உனக்கு மனசு ஒப்பலைன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். லஸ் முனை வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் இறங்கச் சொன்னேன்.

ஆகவே நான் தீர ஆலோசித்து எடுத்திருக்கும் முடிவு இது. மாளவிகா கிண்டிக் கம்பெனியில் சேருகிறாள். தணிகாசலம் தன்னால் முடிந்த செட்டுகளை முழுசு முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டு மாம்பலத்தில் ஏதாவது கடையில் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்து, பசைக் கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைத்து, உங்கள் டயரை அதன் பழைய பலகையிலேயே வைத்து, புரட்டாசி முதல் தேதி ஷெட் சாவியைக் கீழ் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். நீங்கள் தாராளமாகக் காரோடு வரலாம். எதிர்காலத்தைப் பற்றி இனி நான் வாயே திறப்பதில்லை என்றும் தீர்மானித்துவிட்டேன். காலையில் என் சம்சாரம் மாடியில் வடகம் போடலாமா என்று கேட்டதற்குக்கூட நான் பதில் சொல்லவில்லை.

அபயா அக்காவுக்கு என் நமஸ்காரத்தையும், கிரீஷுக்கு என் ஆசியையும், வேகமான இணைப்பு ஒன்று வாங்கிக்கொள்ளும்படி என் புத்திமதியையும் தெரிவிக்கவும். நீங்கள் செய்த உபகாரத்துக்கு நாங்கள் எப்படிக் கைமாறு செய்வோம் என்று தெரியவில்லை. தங்கள் ஆசீர்வாதத்தை என்றும் வேண்டும்,

தங்கள் மைத்துனன்,
கோதண்டபாணி

பி.கு. (16-9-1999, வியாழக்கிழமை): மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், இவ்வளவு நீளமாக இன்னொரு தடவை எழுதத் தெம்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபாலாபீஸ் இல்லை, திங்கட்கிழமை சதுர்த்தி, செவ்வாய்க்கிழமை இதை ஒட்டிக்கொண்டிருக்கும்போது புனேயிலிருந்து அபயா அக்கா போன் செய்தாள். தன் கல்யாண செட்டுக்குப் பெண் பொம்மை மட்டும் ஒன்று வேண்டும் என்றாள். நான் என் கொள்கையை எடுத்துச் சொல்லி, முழு செட்டாகத்தான் தரமுடியும் என்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "கோதண்டா, எங்காத்துக் கொலுல போன வருஷம் மாப்பிள்ளை ஒண்டியா உக்காந்திருந்தார். வந்தவா எல்லாம் பொண்ணு எங்கேன்னு கேட்டா. நீ முழு செட்டா அனுப்பினா, அந்தப் புது மாப்பிள்ளை பக்கத்துல அவன் பொண்ணு உக்காந்துப்பா. எங்காத்துப் பழையவனை நான் எங்கடா போகச் சொல்றது?" என்றாள்.

கல்யாணத்தைக் கலைக்கமாட்டேன் என்று நான் இங்கே இருநூறு கல்யாணத்தைக் கட்டிக்காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அங்கே ஊர் ஊராக எத்தனையோ பந்தல்களில் பெண் இல்லாமலும் மேளம் இல்லாமலும் முகூர்த்தம் தவறிப்போய்க்கொண்டிருக்கிறது. பெண்ணை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன், இன்று காலை பார்சல் போயிற்று. அக்கா வீட்டுப் பழைய பெண் எப்படி உடைந்தாள் என்பதையும் அவள் சொன்னாள். நீங்கள் சாமான் ஏற்றிய லாரிக்காரர் மேல் பழி போட்டிருக்கிறீர்கள். அது யார் கையிலிருந்து விழுந்தது என்று அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம், கேட்கவில்லையாம். இதை நான் வேறு எதற்காகவும் எழுதவில்லை, தகவலுக்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே மாளவிகா கடையின் முகப்பில் இருந்த பெரிய படங்களை எல்லாம் எடுத்துவிட்டு, 'உங்கள் வீட்டில் எது உடைந்தது?' என்று ஒரே ஒரு கேள்வியைப் போட்டாள். கீழே ஒரு கட்டம். அவ்வளவுதான். மறுநாள் காலை சாஃப்ட்வேரில் வந்த கோட்டுக்கு நான் அர்த்தம் சொல்ல முயலவில்லை, அவளும் கேட்கவில்லை. எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை, பார்சல் கட்டிக்கொண்டிருந்தோம். எந்த ஊரில் எந்த வீட்டில் யார் எதைக் கீழே போடுவார்கள் என்று உலகத்தில் எந்த இலாகாவும் முன்கூட்டிச் சொல்லமுடியாது, அத்திம்பேர். போட்டபிறகு அவர்களே சொல்கிறார்கள். புதுப் பெண் பழைய மாப்பிள்ளையைவிட ஒரு சாண் உயரமாக இருப்பாள் என்று எச்சரித்தும் யாரும் கவலைப்படவில்லை. தவில்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள். தணிகாசலத்திடம் தவில் மட்டும் இன்னும் வேண்டும் என்று சொல்லியாயிற்று, அவர் இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். கிண்டிக் கம்பெனிக்கு மாளவிகா வரமுடியாது என்று நேற்று எழுதிப் போட்டுவிட்டாள். எழுதும்போது என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டுவிடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகையால் ஷெட்டைக் காலி செய்ய இயலாது. நாங்கள் பிரித்து அனுப்ப அனுப்ப இடம் காலியாகும் என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு செட்டிலும் பந்தல் வாசலில் கைகூப்பி நிற்கும் பெண்ணின் அப்பா என்று ஒருவர் உண்டு. அவரை மட்டும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்த வீட்டிலும் அவர் உடைவதில்லை போலிருக்கிறது, அல்லது உடைந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. இருநூறு பேரும் அப்படியே இருக்கிறார்கள். இடம் அடைக்காமல் இருக்க, எல்லோரையும் கதவைப் பார்த்தபடி வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறோம். நீங்கள் காரோடு வந்து கதவைத் திறந்தால் அத்தனை பேரும் உங்களைக் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவர் ஓரமாக, அதே மாதிரி நான் நிற்பேன். காரைத் தெருவில் நிறுத்திக்கொள்ளுங்கள், அத்திம்பேர். குழந்தைக்கு அந்த இடம் வேண்டும்.